சோடாத் தண்ணீர் குடித்த செடி

சொந்தக்காரர் கல்யாண மேடையில் ஆரஞ்சு அலகும் நீல நாக்குமாக அந்தப் பூக்களைக் கண்டதும், பட்டு நூல் அவிக்கும் சலவைச் சோடா வாடை என் மூக்கில் ஏறியது.

அந்த வாடை எங்கள் வீட்டில் அடித்த காலத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது. ஆரணியில் எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். சொத்தைப் பாகம் பிரித்த பிறகு பேச்சு நின்று ஏச்சு மட்டும் மிஞ்சியது. சித்தப்பா மகள் கமலா, என் வயதுக்காரி, சுவரோரம் இதே பறவைப்பூச் செடி ஒன்றை வளர்த்தாள். பூக்க ஐந்து வருஷம் ஆகும் என்று எருவிட்டுக் காத்திருந்தாள். முதல் மொட்டு நீண்டதும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "உங்க வீட்ல முள்ளுகூட மொளைக்காதுடா" என்றாள்.

அன்றே, எங்கள் வீட்டில் பட்டு நூல் அவித்து இறக்கிய கொதிக்கும் சோடாத் தண்ணீரை அதன் வேரில் கொட்டினேன். செடி சுருண்டது. தண்ணீர் அதிகம் விட்டு அழுகவைத்துவிட்டாள் என்று சித்தப்பா அவளை விளாசினார். நான் இந்தப் பக்கம் நின்று சிரித்தேன்.

இன்று கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கமலாவிடம் போய்ச் சொன்னேன். "கமலா, அந்தச் செடிய நான்தான் கொன்னேன்."

"அப்பவே தெரியும். மண்ணுல சோடா வாடை அடிச்சுது. சொல்லியிருந்தா எங்கப்பா உங்கப்பாவ வெட்டியிருப்பாரு. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். செடிக்கே அஞ்சு வருஷம்தான். உனக்கு அறுபது வருஷமா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"ஜல்தி போய் சாப்புடு. பந்தி முடியப் போவுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.