செவலைக்காகப் போட்ட முழங்கால்

பூட்டிய அறைக்குள் செவலை கத்திக்கொண்டிருந்தது. சாவி கோயம்புத்தூரில். செவலை நிறைமாதப் பூனை. அன்று கர்த்தர் செய்த உதவியை எழுதுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம். பங்காளிகள் எல்லாரும் வெளியூரில். குடும்பத்துக்கு ஓர் அறை. அவரவர் அறையைப் பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோவார்கள். அடுத்தவர் அறையைப் பங்காளிகளே தொட மாட்டார்கள். நாங்கள் எம்மாத்திரம்.

போன ஈற்றில் செவலையின் குட்டிகளைக் கடுவன் பூனை கடித்துப் போட்டுவிட்டது. அது வீடெல்லாம் தேடி அலைந்ததைப் பார்த்தேன். அதனால் இந்தத் தடவை முன்னாலேயே இடம் செய்தேன். அட்டைப்பெட்டியில் அது நுழைகிற அளவுக்கு வழி வெட்டினேன். உள்ளே பழைய நூல்சேலை. அடுப்படியில் இருட்டு மூலையாகப் பார்த்து வைத்தேன். செவலையும் உள்ளே போய்ச் சுற்றிச் சுற்றிப் படுத்துப் பார்த்தது.

மாசியில் படைப்பு வந்தது. அந்த வீட்டு முன்னோர்களுக்குப் படைக்கிற நாள். பங்காளிகள் வந்து அறைகளைத் திறந்து பாத்திரங்களை எடுத்தார்கள். ஒரே கூட்டம். வந்தவர்களில் மீனாட்சி ஆச்சியின் மகளுக்கு நிறைமாதம். அதனால் ஆச்சி சாயங்காலமே அறையைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் பெட்டி காலி. ஆச்சி அறைக்குள்ளிருந்து செவலையின் சத்தம் வந்தது. ஜன்னல் இல்லாத அறை. ஆச்சிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மதியம் வரை போட்டேன். துணியை நனைத்துக் கதவடியில் தள்ளினேன். நக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"பூட்ட ஒடச்சிருவமா?" என்றேன்.

"ஒடச்சுப்புட்டு எங்குட்டுப் போறது? அறையில அதக் காணோம் இதக் காணோம்னா ஒம் பூனை வந்து சாட்சி சொல்லுமா?" என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னதும் சரிதான்.

சபையில் நோய்க்கும் வேலைக்கும்தான் ஜெபம் கேட்போம். பூனைக்குக் கேட்க எனக்கு வெட்கம். இருந்தாலும் அந்தக் கதவுக்கு முன்னால் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நீர் படைச்ச உசுரு. சாவி வரட்டும்." அவ்வளவுதான் வாயில் வந்தது.

"பூனைக்கு முழங்காலா? ஊரு சிரிக்கும்டி" என்றார் அவர்.

எழுந்து முகம் கழுவினேன். போன் அடித்தது. ஆச்சி.

"ஆஸ்பத்திரிக்குள்ள இருந்தேன் ஸ்டெல்லா. என்னத்துக்கு இத்தன தரம் கூப்பிட்டிருக்க?"

"ஆச்சி, செவலை ஒங்க அறைக்குள்ள மாட்டிக்கிருச்சு. குட்டி போடுற நேரம். இப்பக் கத்துறதும் நின்னு போச்சு."



"அடப் பாவமே, பிள்ளத்தாச்சியப் பூட்டிப்புட்டா வந்தேன்? இங்க ஒருத்தி வலியில கெடக்குறா. பூட்ட ஒடைங்க."

"நீங்க வராம எப்படி ஆச்சி?"

"நான் சொல்றேன்ல. எவுக கேட்டாலும் என்னையக் கேக்கச் சொல்லு."

நான் கேட்டது சாவி. ஆண்டவர் கொடுத்தது அந்த வார்த்தை. அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்காரர் சுத்தியலால் அடித்தார். மடித்து வைத்த ஜமுக்காளத்தின் மேல் செவலை கிடந்தது. நாக்கு வெளியே தொங்கியது. தண்ணீர் வைத்தேன். தலையைத் தூக்கிக் குடித்தது. என் பெட்டியை அது சட்டை செய்யவில்லை. அங்கேயே மூன்று குட்டி போட்டது. மூன்றும் பிழைத்தன. புதுப் பூட்டு வரும்வரை வீட்டுக்காரர் அந்த வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு கடுவனை விரட்டினார்.

இப்போது நான் பெரிது சிறிது பார்த்து ஜெபிப்பதில்லை. சபையில் இதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஒரு தங்கச்சி மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, எங்க ஆடு எந்திரிக்க மாட்டேங்குது. அதையும் சொல்லலாமா?"

சொல்லு என்றேன். நீங்களும் சொல்லுங்கள்.