மூன்று பெயர்க் கப்பலும் ஆவடி ஜட்காவும்

காலை எட்டு மணிக்கு ஆவடியில் ரயிலை விட்டு இறங்கினேன். பூந்தமல்லிக் கடைத்தெருவைப் பார்த்துப் பத்திரிகைக்கு எழுத வேண்டும். ஆறு மைல், ஜட்காவுக்கு எட்டணா. வண்டிக்காரர் காதர் பூந்தமல்லிக்காரர். முன்பு கப்பலில் கரி தள்ளியவர் என்பது பருத்திப்பட்டு ஏரி வருவதற்குள் தெரிந்துவிட்டது.

அவரும் அவர் மனைவியின் தம்பி இஸ்மாயிலும் ‘மார்கரெட்’ என்ற சரக்குக் கப்பலில் சேர்ந்தார்களாம். வெள்ளைக்காரக் கம்பெனி, ரங்கூன் அரிசி. பினாங்கில் ஒரு கிரேக்கர் அதை வாங்கியபோது காதர் இறங்கிவிட்டார், இஸ்மாயில் தங்கிவிட்டான். எழுதப் படிக்கத் தெரியாதவன். இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. துறைமுகத்தில் விசாரித்தால் அப்படி ஒரு கப்பலே கிடையாது என்கிறார்களாம்.

“கப்பல தொலைச்சிட்டுத் தேடுறவன் நான் ஒருத்தன்தான் நைனா,” என்றார்.

கப்பல் வரவு எழுதுவது என் அன்றாட வேலை. முந்தின நாள் மதராஸ் துறைமுகத்தில் பார்த்த ஒரு கிழட்டுக் கப்பல் நினைவுக்கு வந்தது. பனாமா கொடி, ‘சாந்தா லூசியா’ என்ற பெயர். அதற்கு முன் ஒரு கிரேக்கரிடம் ‘இரினி’யாக இருந்ததாம். முகப்பில் புது வர்ணத்துக்கு அடியில் இன்னும் பழைய இரும்பு எழுத்துகள் புடைத்துக்கொண்டிருந்தன. கூட்டிப் படித்தால் ‘மார்கரெட்’.

இதைச் சொன்னதும் காதர் சாட்டையை மடியில் வைத்தார்.

“எப்போ கெளம்புது?”

“இன்று மாலை.”

கரையான்சாவடியில் மதராஸ் பஸ் நின்றிருந்தது. லகானை என் கையில் திணித்துவிட்டு பஸ்ஸில் ஏற ஓடினார்.

“சும்மா புடிச்சிகினு குந்து நைனா. அதுக்கு ஊடு தெரியும்.”

தெரிந்துதான் இருந்தது. கடைத்தெருவில் நிறுத்தப் பார்த்தேன். குதிரை என்னைச் சட்டை செய்யாமல் தாண்டிப்போய் ஒரு சந்தில் நின்றது. வெளியே வந்த காதரின் மனைவி காலி இருக்கையைப் பார்த்தார். மறுபடியும் கப்பலேறிவிட்டாரா என்று கேட்டார். கப்பலைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றேன். ‘சாந்தா லூசியா’ என்றபோது முகம் மாறவில்லை. ‘மார்கரெட்’ என்றதும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி அதுல கீறானா?”

கப்பலின் எடை, சரக்கு, சொந்தக்காரர் எல்லாம் நான் எழுதிய செய்தியில் இருந்தன. உள்ளே இருப்பவர்கள் பெயர் இல்லை.

கடைத்தெருவை நான் பார்க்கவில்லை. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் தெருமுனைக்குப் போய்வந்தேன். இருட்டுகிற நேரத்தில் காதர் தனியாக இறங்கினார். வாசலில் நின்ற மனைவிக்குத் தூரத்திலிருந்தே சொன்னார்.

“கீறான். தாடி வச்சிகீறான். மேல நின்னுகினு கைய காட்னான். எறங்க உடல.”

எப்போது வருவானாம் என்று அந்த அம்மாள் கேட்டார். கப்பலை மறுபடி விற்கப்போவதாகப் பேச்சு, அடுத்து எந்தக் கொடியோ என்றேன் நான்.

காதர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். “வித்தா வித்துக்கட்டும் நைனா. பெயிண்டுக்கு அடில நம்ம பேரு கீது.”