நேரத்துக்குப் போன கப்பல்

சென்னையில் பெண்களை நேசிக்கும் பெண்கள் மாதம் ஒருமுறை கூடும் இடம் ஒன்று உண்டு. நானும் போவேன். கதவோரமாகப் பார்த்து உட்காருவேன். எப்போது முதலில் தெரிந்தது என்று ஒவ்வொருத்தியும் சொல்வாள். என் முறை வரும்போது டீ ஊற்றிக் கொடுக்க எழுந்துவிடுவேன். நான் அவர்களில் ஒருத்திதானா என்று எனக்கே நிச்சயமில்லை. என்னிடம் இருப்பது வேறு இருவரின் கதை. அதைக் கெடுத்ததும் நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. அந்தமானில், போர்ட் பிளேரின் டாலிகஞ்ச் பகுதியில் இருந்தோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். நர்சரிப் பள்ளி டீச்சர். அதே பள்ளிக்கு எதிர்க்கரைப் பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஒரு பெங்காலி டீச்சர் தினமும் படகேறி வருவாள். அக்கா என்கிற மாதிரி அவளைத் தீதி என்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஒட்டிப் பிறந்ததுகள் என்று அம்மா சிரிப்பாள். ஒருநாள் அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஏனென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தீதி வருவது நின்றது. அத்தையின் செல்போன் அப்பாவின் சட்டைப்பைக்குப் போனது. மதுரையில் அவசரமாக ஒரு மாப்பிள்ளை கிடைத்தார்.

அந்தக் கல்யாணத்துக்காகக் கப்பலேறும் நாளன்று காலையில் அத்தை என்னைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"பாப்பா, தீதிகிட்ட போய்ச் சொல்லு. இன்னிக்கு நாலு மணிக்கு ஷிப். அதுக்குள்ள அவ ஹாடோ ஜெட்டிக்கு வந்துட்டா நான் ஏற மாட்டேன். அவகூடவே போயிடுவேன்."

டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எங்கள் ஊரில் கப்பல் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டு நான் பார்த்ததில்லை. பெட்டியோடு ஜெட்டிக்குப் போய், பெட்டியோடு திரும்பி வந்து, மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் மறுபடி கிளம்புகிற ஜனங்கள் நாங்கள். அதனால் பாம்பூஃப்ளாட்டில் இறங்கியதும், அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பொடிமீன் கிடைத்தது. தீதியின் வீட்டுக்குப் போனபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். தீதி செருப்புகூடப் போடவில்லை. படகில் உட்காரவும் இல்லை. இக்கரையில் சாத்தமில் இறங்கி ஆட்டோ பிடித்து ஹாடோ போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கென்று பார்த்துக் கப்பல் நேரத்துக்குப் புறப்பட்டிருந்தது. மேல்தளத்துக் கூட்டத்தில் அத்தையைத் தேடினேன், தெரியவில்லை.

இப்போது எனக்குக் கேட்க எவ்வளவோ இருக்கிறது. உனக்கு எப்படித் தெரிந்தது அத்தை, பயமாக இல்லையா என்று கேட்க வேண்டும். அவளோ மதுரையிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் எனக்கு எப்போது கல்யாணம் என்று கேட்கிறாள். அன்று தீதி வந்தாள் என்பதை நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

ஏன் இவ்வளவு தாமதம் என்று அன்று தீதி என்னைக் கேட்கவே இல்லை. ஜெட்டித் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். மெயின்லேண்டுக்குப் போனவர்கள் எல்லோரும் லீவு முடிந்து திரும்பி வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

"ரோ மத் தீதி, அழாதீங்க," என்றேன். "அடுத்த ஷிப்ல வந்துருவாங்க."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாள். சமாதானப்படுத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.