பாதிக் குளியல்

மிஸ் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் மருந்துப் பை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் கொண்டுவந்தது நீல அட்டை போட்ட ஒரு நோட்டும், ஒரு பேனாவும், ஏதோ ஜாடியிலிருந்து எடுத்த பச்சை பிளாஸ்டிக் மூடியும்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நான் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்காராமல், என் இளைய மகள் உட்கார்ந்திருந்த சிமெண்டுத் தரையிலேயே ஒரு கை தூரம் விட்டு உட்கார்ந்தார். அவளைத் தொடவில்லை. பேரென்ன ஊரென்ன என்று கேட்டு இம்சை பண்ணவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து அப்படி உட்கார்ந்தவர் அதுவரை யாரும் இல்லை. அன்றைக்கே என் மனசு அவரிடம் போய்விட்டது. இப்போது நினைத்தால் அதுதான் எரிகிறது.

அப்போது பெடாஸ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். வீட்டுக்காரர் இறந்து, மூத்த மகன் மந்தினில் வேலைக்குப் போய், வீட்டில் நானும் இளையவளும் மட்டும். அவளுக்கு இருபது வயது. ஆனாலும் பாப்பாதான். பேச்சு வரவில்லை. குளிக்கக் கூப்பிட்டால், தலை வாரச் சீப்பை எடுத்தால், சுவர் விளிம்பில் நெற்றியை இடிப்பாள். தடுக்கப் போனால் கடிப்பாள். என் இடது முழங்கைக்குக் கீழே அவள் பல் பட்ட தடம் இன்னும் இருக்கிறது. கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகையை வாசலிலேயே கொடுத்துவிட்டு, நீ வந்தால் பாப்பாவை யார் பார்ப்பது என்று அவர்களே எனக்காகக் கவலைப்பட்டுவிட்டுப் போவார்கள். கிளினிக்கில் ஒரு நர்ஸ் இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்த சீட்டினால்தான், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பழக்கும் மிஸ் சிரம்பானிலிருந்து புதன்கிழமைதோறும் வர ஆரம்பித்தார்.

நோட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டம் கோடு போட்டுக் கொடுத்தார். பாப்பா இடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன். அவ்வளவுதான் எழுத வேண்டும். எனக்குக் கூச்சம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்ததோடு சரி, அதற்கப்புறம் கையெழுத்துப் போடத்தான் பேனா தொட்டிருக்கிறேன். மிஸ் சிரித்தார்.

“இத நீங்களும் நானும் மட்டும்தான் படிப்போம், ஆன்ட்டி. நல்லதையும் எழுதுங்க, கெட்டதையும் எழுதுங்க. மறைச்சீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுலா.”

மறைக்க எனக்குத் தெரியாது. பதினாலு வயதிலிருந்து ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவள் நான். கத்தி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டுவிட்டால், மேற்பார்க்கும் மண்டோரிடம் நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டாலும் மரம் காட்டிக் கொடுத்துவிடும். முந்திக்கொண்டு சொன்னவளுக்குத் திட்டு மட்டும்தான், மறைத்தவளுக்கு வெட்டக் கொடுத்த மர நிரையே போய்விடும். அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். பாப்பாவை அடித்த நாளை எழுதினேன். செத்துப் போனால் தேவலை என்று அவளைப் பார்த்து நான் சொன்னதையும் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து மிஸ் பக்கம் பக்கமாகப் புரட்டி, என் எழுத்துக்கு அருகில் வட்ட வட்டமாகப் புள்ளி வைத்தார். குளிக்கக் கூப்பிடுகிறேன், இடிக்கிறாள், பயந்துபோய்க் குளியலை விட்டுவிட்டு மைலோ கலக்கிக் கொடுக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் அதுவே.

“பாப்பா கிறுக்குல இடிக்கல, ஆன்ட்டி. இடிச்சாத்தான் நீங்க நிறுத்துறீங்க. போதும்னு சொல்ல அவளுக்கு வேற வழி தெரியல.”

இத்தனை வருஷம் அந்தச் சுவரில் இடிக்க நானேதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தபோது அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மிஸ் பச்சை மூடியை எடுத்துப் பாப்பாவின் கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்து என் உள்ளங்கையில் மூடியைப் போட வைத்தார். மூடி என் கைக்கு வந்தால் நான் அந்த நொடியே நிறுத்த வேண்டும். தலையில் சோப்பு இருந்தாலும் சரி, ஒரு கால் மட்டும் நனைந்திருந்தாலும் சரி. கொடுத்தால் நிற்கும் என்பதை அவள் நம்ப வேண்டும், ஒரு தடவைகூட ஏமாற்றக் கூடாது என்றார்.

அப்படியாக எங்கள் வீட்டில் பாதிக் குளியல் ஆரம்பமானது. காலையில் ஒரு கை, பத்து மணிக்கு முதுகு, மத்தியானம் தலை என்று ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை. நுரையோடு வாசலில் வந்து உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்ல வேடிக்கை. “என்னா புள்ள, மகள ஊறப் போட்டிருக்கியா? எப்ப அலசுவே?” என்பார். எனக்கும் சிரிப்பு வரும். வெகு நாள் கழித்து வந்த சிரிப்பு. இரண்டு மாதத்தில் பாப்பா சுவர்ப் பக்கம் போகாமல் மூடியைத் தேட ஆரம்பித்தாள். மூடி வந்ததும் உடனே நிறுத்தாமல், ஐந்து எண்ணி நிறுத்தச் சொன்னார் மிஸ். பிறகு பத்து. ஒரு சனிக்கிழமை முழுசாகக் குளித்து, தலை வாரி, ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

நடுவில் ஒரு கெட்ட வாரம் வரும், பழைய குணம் ஒரு முறை பெரிதாகக் கிளம்பிப் பார்க்கும் என்று மிஸ் முன்னமே சொல்லியிருந்தார். வந்தது. இருபது எண்ண ஆரம்பித்த வாரம் அது. பாப்பா இடித்த இடியில் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. எனக்குக் காய்ச்சல். பிடித்துப் பிடித்துக் கை சோர்ந்துவிட்டது. என் துண்டால் அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிலின் காலோடு கட்டினேன். உலையில் அரிசி போட்டிருந்தேன். சோறு வெந்து வடித்த பிறகுதான் அவிழ்த்தேன். சாயங்காலம் நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதினேன்.

புதன்கிழமை மிஸ் அந்தப் பக்கத்தை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். கோபப்படவில்லை. எழுதினது நல்லது ஆன்ட்டி என்றார். பாப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தார். நோட்டைக் கொண்டுபோய் அடுத்த வாரம் தருகிறேன் என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. நோட்டு நனைந்துவிடப் போகிறதே என்று நானேதான் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை வேன் வந்தது. சமூகநல ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர், மலாய்க்காரப் பெண்மணிகள், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து இது உங்கள் எழுத்தா என்று கேட்டார். என் கோணல் எழுத்துதான், காப்பி எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் மேலே மலாயில் பேனாவால் அர்த்தம் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். புள்ளியை வட்டமாகப் போடும் கை அது. துண்டு, கட்டிலின் கால், சோறு, ஒன்றும் விடாமல் எழுதியிருந்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். பாப்பாவை மூன்று மாதம் காப்பகத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். மூத்தவன் வந்து கையெழுத்துப் போட்டான்.

வேனில் ஏற்றும்போது பாப்பா அலறவில்லை, கடிக்கவில்லை. பாவாடை மடிப்பிலிருந்து மூடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நான் எண்ணி முடிப்பேன் என்று. கதவைச் சாத்திவிட்டார்கள்.

மூன்று மாதம் எட்டு வருஷமாகிவிட்டது. இப்போது மூத்தவனோடு மந்தினில் இருக்கிறேன், மாதம் இரண்டு தடவை போய்ப் பார்க்கிறேன். அங்கே அவளை யாரும் அடிப்பதில்லை. ஆள் பற்றாக்குறை, எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. வாருவது கஷ்டம் என்று முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். குழாயைத் திறந்து முழுசாக ஒரே தடவையில் குளிப்பாட்டுகிறார்கள். இடிக்கிறாளா என்று கேட்டால், இல்லை, அமைதியாகிவிட்டாள், தூங்கிக்கொண்டேயிருக்கிறாள் என்கிறார்கள்.

கட்டியது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டிப் போட்டே பிள்ளையைச் சாகடித்த வீடுகளும் இருக்கின்றன, அதற்குத்தான் சட்டம் என்று மூத்தவன் சொன்னான். அதுவும் புரிகிறது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை மிஸ் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தப் புதன்கிழமையும் வரவில்லை. ஒரு தடவைகூட ஏமாற்றக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

போன வருஷம் மந்தின் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தார், கொஞ்சம் பருத்திருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவரே வந்து கையைப் பிடித்தார். என்னை நினைக்காத நாள் இல்லை என்றார்.

“அது ரூல், ஆன்ட்டி. பாத்துட்டு நான் சொல்லாம இருக்க முடியாது.”

எனக்கு யாரிடமும் எதிர்த்துப் பேசி வராது. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது. “தெரியும் மிஸ். ரூல் இருக்குன்னு, நோட்டக் குடுத்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. நீங்களும் நானும் மட்டும்னு சொன்னீங்க.”

மிஸ் என் கையை விடவில்லை. பிறகு மெதுவாக, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

“நல்லா இருக்கா மிஸ். முழுசா குளிக்கிறா. சடை போட்டுக்கிறா.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தோஷம் ஆன்ட்டி என்றார். நான் சொன்னதை அப்படியே நம்பினார். அத்தனை மாதம் என் எழுத்தைப் படித்தவர் அல்லவா.