செண்பகத்தோப்பில் நூற்றிரண்டு டிகிரி

1. வைகாசிக் கடைசியில் கம்பெனியைப் பத்து நாள் மூடினார்கள். வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல்.
2. மூன்று பேர் செண்பகத்தோப்புக் காட்டுக்குக் கிளம்பினோம். நான், என் கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கிற தோழி, பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி.
3. பஸ்ஸில் டைப்பிஸ்ட் இருமினாள்.
4. காட்டு விளிம்பில் அவள் வாயில் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றிரண்டு காட்டியது.
5. அவள் கீழேயே தங்கிவிட்டாள். நானும் டீச்சரும் மேலே போனோம்.
6. அவளுக்குக் காய்ச்சல் இல்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் அது. கப்பலில் வந்து மெட்ராசில் இறங்கிய காய்ச்சல் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். உலகம் முழுக்கப் பரவுகிறது என்றும் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஃப்ளூவுக்கென்று தனிப் பழக்கம் எதுவும் கிடையாது. அம்மைக்குச் செய்வதையே செய்தார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள், வீட்டுக்கு வீடு போக்குவரத்தை நிறுத்தினார்கள். சிவகாசியில் நான் வாடகைக்கு இருந்த தெருவில் ஒரு வாரத்துக்குள் ஏழு வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது.

நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் பட்டாசுக் கம்பெனியில் பரிசோதனை அறையில் இருந்தேன். மூட்டையில் வரும் வெடியுப்பிலும் கந்தகத்திலும் எவ்வளவு ஈரம் இருக்கிறது, வேற்றுப் பொருள் கலந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுவது வேலை. அந்த அறையில் நான் ஒருத்திதான். கம்பெனி மூடிய பிறகு வீட்டிலும் நான் ஒருத்திதான். நாலு நாள் யாரோடும் பேசாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் டைப்பிஸ்ட் தன் ஊர் விஸ்வநத்தத்திலிருந்து நடந்தே வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"ஏட்டி, உசுரோட இருக்கியா? ஆனி பாதியில எனக்குக் கல்யாணம். அதுக்குள்ள ஒரு நாளாவது மலையப் பாத்துரணும். மொட்டை மாடியில நின்னா தெரியுது, ஒரு தடவ கூடப் போனதில்ல. காரியாபட்டிக்குப் போயிட்டா எங்குட்டு மலையப் பாக்க?"

"வீட்டுல விடுவாகளா?"

"ஆண்டாளுக்கு நேந்திருக்கேன்னு சொல்லிட்டேன். கோயிலுக்குன்னா எங்கம்மா எமலோகத்துக்கே அனுப்பி வைப்பாக."

அந்த ஒரு நாளைத்தான் அவள் கேட்டாள். மாப்பிள்ளை வீடு நிலபுலன் உள்ள வீடு. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்ப மாட்டார்கள், தனியாக எங்கும் விட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் குறையாகச் சொன்னதில்லை. அந்த நாளை மட்டும் கேட்டாள்.

நோட்டில் நான் திட்டம் எழுதினேன். முதல் பஸ், அங்கிருந்து நடை, புளியோதரை மூன்று பொட்டலம், தண்ணீர்க் கூஜா, ஒரு பழைய சேலை விரித்து உட்கார. அதற்குக் கீழே காய்ச்சல் விதிகளையும் எழுதினேன். யாருக்காவது உடம்பு சுட்டால் அவர் மலை ஏறக் கூடாது, மற்றவர்களிடமிருந்து விலகி இருக்க வேண்டும். இது டீச்சருக்காக. அவள் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். வீட்டில் இருபது நாள் குழந்தை. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். டைப்பிஸ்ட் சிரித்துக்கொண்டே போட்டாள். "நாளைக்கு மாப்பிள்ளைக்கும் இப்படி ஒரு விதி எழுதிக் குடுடி" என்றாள்.

தெர்மாமீட்டர் கம்பெனி முதலுதவிப் பெட்டியிலிருந்து வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு எடுத்தது. தகரக் குழாய்க்குள் இருந்தது. அதை என் துணிப்பையின் மேலாக வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் எங்களுக்குப் பின்னால் மிளகாய் வத்தல் மூட்டைகள். விருதுநகர்ப் பக்கம் பஸ் ஏறுகிறவர்களுக்கு இது புதிதல்ல. சிவகாசி தாண்டியதும் டைப்பிஸ்ட் இரும ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வந்தது. நானும் டீச்சரும் முன்சீட்டில் இருந்தோம். அவளுக்கு மூட்டைக்குப் பக்கத்து இடம்தான் கிடைத்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி நாலு மைல் மேற்கே நடந்தோம். நிழல் இல்லாத வண்டிப்பாதை. பை என் தோளில் வெயிலைப் பார்த்துத் தொங்கியது. அவள் அப்போதும் நடு நடுவே இருமிக்கொண்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. டீச்சர் மெல்ல மெல்லப் பத்தடி விலகி நடந்தாள்.

காட்டு விளிம்பில் பதநீர் விற்கிறவர் ஓலைப் பந்தல் போட்டிருந்தார். அங்கே நின்றபோது டீச்சர் என்னைத் தனியாக அழைத்தாள்.

"அவளுக்கு ஒரு தடவ பாத்துரு. வீட்டுல பச்சப்பிள்ள இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தெர்மாமீட்டரைத் துடைத்து அவள் நாக்குக்கு அடியில் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம். எடுத்துப் படித்தேன். நூற்றிரண்டு. நோட்டைத் திறந்து நேரத்தையும் அளவையும் எழுதினேன். அதன் பிறகுதான் அவளிடம் சொன்னேன்.

அவள் நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

அவள் கூடவே இருக்கிறேன் என்று டீச்சர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. திரும்புகிற வண்டி சாயங்காலம்தான், எப்படியும் அவள் காத்திருக்கத்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க. எதுக்கு மூணு பேரும் உக்காந்துக்கிட்டு?" என்றாள் அவளே. பதநீர்க்காரர் ஒரு பனையோலைப் பட்டையை மடித்து அவளுக்கு ஊற்றினார். அதை அவர் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்ததைப் பார்த்தேன். நாங்கள் பேசியது அவருக்கும் கேட்டிருந்தது.

மேலே போனோம். கீழே சித்திரையில் கருகிப் போன நிலத்திலிருந்து அரை மணி நடையில் அப்படி ஒரு பச்சை இருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. கொன்றை பூத்துக் கொட்டியிருந்தது. மருத மரத்து வேர்களுக்கு நடுவே ஓடை கணுக்கால் அளவுக்கு ஓடியது. முயல் அளவுக்குச் சாம்பல் நிற அணில் ஒன்று கிளை விட்டுக் கிளை தாவி எங்களைப் பார்த்தது. கந்தக வாசனை இல்லாத காற்றை மூக்கு முதலில் நம்பவில்லை. "இதை அவ பாக்கணும்" என்று டீச்சர் சொன்னாள். சேலையை விரித்து ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்தோம். நடுவில் மூன்றாவது பொட்டலம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் தொண்டை கரகரக்கிறது என்றாள். "எனக்கும் பாரு." பார்த்தேன். நூற்றிரண்டு. அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் துடைத்து என் வாயில் வைத்தேன். நூற்றிரண்டு. மூன்று பேருக்கு ஒரே அளவு வருவது எங்கள் தொழிலில் நல்ல சகுனம் அல்ல. அளக்கிற கருவியைச் சந்தேகப்பட வேண்டும். ஓடைத் தண்ணீரில் முக்கினேன். ஓடைக்கும் நூற்றிரண்டு.

"நீ உதறல?" என்றாள் டீச்சர்.

"எதை?"

"இதைத்தான். அக்கா பிள்ளைக்குப் பாக்கையில உதறி இறக்கிட்டுத்தான வைப்பாக. இல்லேன்னா மொத இருந்த சூடு அப்படியே நிக்கும்."

பரிசோதனை அறையில் நான் தினம் கையாளும் தெர்மாமீட்டர் வேறு மாதிரி. சூட்டில் ஏறும், ஆறினால் தானே இறங்கும். உதற வேண்டியதில்லை. உடம்பு பார்க்கிற தெர்மாமீட்டரை நான் அதற்கு முன் தொட்டதே இல்லை. நாலு மைல் வெயிலில் தகரக் குழாய்க்குள் ஏறிய சூட்டைத்தான் நான் அவள் பேருக்கு எழுதியிருக்கிறேன். கம்பெனியில் ஒரு மூட்டைக்கு மூன்று மாதிரி எடுக்காமல் முடிவு எழுத மாட்டேன். அவளுக்கு ஒன்றே ஒன்று போதும் என்று இருந்துவிட்டேன்.

"அங்கனயே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் தள்ளித்தான நின்னேன். அம்புட்டுப் படிச்சவ, உதறியிருப்பேன்னு நெனச்சேன்."

பொட்டலங்களைப் பிரிக்காமலே கட்டிக்கொண்டு இறங்கினோம். ஓட முடிந்த இடத்தில் ஓடினோம். அவளை மேலே கூட்டிக்கொண்டு வர இன்னும் பொழுது இருந்தது. பந்தலில் அவள் இல்லை.

"வெறகு லாரி ஒண்ணு சிவகாசிக்குப் போச்சும்மா. அதுல ஏறிட்டாக" என்றார் பதநீர்க்காரர். "காய்ச்சக்காரப் பிள்ளைய இப்படியா விட்டுட்டுப் போவீக?"

"காய்ச்சல் இல்லை" என்றேன்.

"நீங்கதான சொன்னீக?"

சிவகாசியில் இறங்கி டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் விஸ்வநத்தம் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அவள் அம்மா படியில் நின்றுகொண்டே பேசினார்.

"கோயிலுக்குப் போன பிள்ள காய்ச்சலோட வந்திருக்கு. நீ உள்ள வராத தாயி. உனக்கும் ஒட்டிக்கிரும்."

நடந்ததைச் சொன்னேன். கருவியைப் பற்றிச் சொன்னேன்.

"காலையில இருக்குன்ன. இப்ப இல்லேங்க. நான் எதை நம்ப? கல்யாணம் நெருங்குது. ஏழு நாள் உள்ளயே இருக்கட்டும்."

வீட்டைச் சுற்றிப் பின்பக்க ஜன்னலுக்குப் போனேன். அவள் பாயில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"தப்பு என்னோடது. உனக்குக் காய்ச்சலே இல்லை" என்றேன்.

"எனக்குத் தெரியும்டி. வத்தல் நெடி. என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

"பிறகு ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ நோட்டுல எழுதிட்டியே. எழுதினா நீ அழிக்க மாட்ட." ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "நெத்தியில ஒரு தடவ கை வச்சுப் பாத்திருக்கலாம்ல? ஏன் தனியா வந்தன்னு கேட்டாக, சொன்னேன். எங்கம்மா கூட கை வச்சுத்தான் பாத்தாக. சுடலேன்னு அவுகளுக்கே தெரியும். ஆனா படிச்ச பிள்ள சொல்லிட்டாளாம்."

"இன்னொரு நாள் போவோம். கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு."

"அதுல ஏழு இந்த ரூம்புக்கு. மிச்சம் கல்யாண வேலைக்குச் சரியாப் போயிரும். நீ போ, இருட்டப் போகுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஜன்னலை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன்.

கல்யாணம் சொன்ன நாளில் நடந்தது. போனேன். பந்தியில் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் காய்கறியைப் பற்றிப் பேசினோம். மணவறையில் அவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்த மாதிரியே என்னையும் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குள் காய்ச்சல் எங்கள் பக்கத்தில் தணிந்துவிட்டது. தெருவில் வேப்பிலைகள் காய்ந்து உதிர்ந்தன. தீபாவளி சீசன் ஆர்டர் குவிந்தது, கம்பெனியில் ராத்திரி வரை ஆள் நடமாட்டம். ஆபீசில் அவள் நாற்காலியில் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவளும் நன்றாகவே டைப் அடித்தாள்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. டைப்பிஸ்ட் காரியாபட்டியில் இருக்கிறாள். ஒரு பெண் குழந்தை. டீச்சருக்கு மதுரைக்கு மாற்றலாகிவிட்டது. நான் அதே கம்பெனியில், அதே அறையில் இருக்கிறேன். செண்பகத்தோப்புக்கு வா, நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று டைப்பிஸ்டுக்கு இரண்டு கார்டு போட்டேன். முதல் கார்டுக்கு, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கலாம் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு வரவில்லை. அவள் இன்னும் அந்த மலைக்குப் போகவில்லை.