பல்லியின் கட்டைவிரல் ரேகை

பல்லி என்றால் அந்தப் பெயின்டர் கூட்டத்தில் தெரியாதவர் இல்லை. கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து, பத்தாவது மாடிச் சுவரிலும் சீட்டியடித்தபடி ரோலர் ஓட்டியவன். ஒரு கட்டடத்தின் உச்சியை முடிக்கிறவர், மொட்டைமாடி விளிம்புக்கு அடியில் ஈரப் பெயின்டில் கட்டைவிரலை அழுத்திவிட்டு இறங்குவது அவர்கள் வழக்கம். ஊரில் பாதி உச்சிகளில் பல்லியின் ரேகைதான்.

இப்போது பல்லி தரையில் நின்று வாளியில் பெயின்ட் கலக்குகிறான். மேலே தொங்குவது அவன் பெண்டாட்டி! தோள்வலி என்று அவன் பலகையை விட்டதும், "வர்ற வேலைய எதுக்குங்க விடணும்? நான் ஏறுறேன்" என்று ஏறியவள்தான். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அண்ணாந்து பார்க்கிறான். "அண்ணி, அசத்துறீங்க!" என்று கூட வேலை செய்கிறவர்கள் வேறு. பல்லிக்கு வயிறு பற்றி எரிந்தது. கட்டின பெண்டாட்டிமேல் பொறாமைப்படுகிற மானங்கெட்ட பிழைப்பு உண்டா? அவனுக்கு உண்டு.

தோள்வலியாவது மண்ணாங்கட்டியாவது! பயம். நாற்பதைத் தாண்டியபின் வந்து ஒட்டிக்கொண்ட பயம். சில வருடங்களுக்கு முன் இதே கட்டடத்தில், உச்சிக்கு இன்னும் ஒரு முழம் இருக்கையில், சும்மாதான் கீழே பார்த்தான். கயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். கடைசிப் பட்டையை அடிக்காமலே இறங்கி, "முடிச்சாச்சு, ரேகையும் வெச்சாச்சு" என்று வாய் கூசாமல் சொன்னான். விளிம்புக்கு அடியில் இருப்பதைத் தரையிலிருந்து யார் பார்க்கப்போகிறார்கள்?

இன்று அவள் பார்க்கப்போகிறாள். மறுபடி பெயின்ட் அடிக்க அந்த இடத்துக்குத்தான் ஏறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணன் ரேகை இருக்கான்னு பாருங்க!" என்று கீழிருந்து ஒருவன் கத்தினான். பல்லியின் முகத்தில் ஈயாடவில்லை. மேலே ரோலர் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு ஓடியது.

அவள் இறங்கியதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "இருந்துச்சா அண்ணி?"

"இல்லாம? பதிச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. அதுமேல அடிக்க மனசே வரல."

பல்லியின் முதுகில் தட்டிவிட்டுக் கூட்டம் கலைந்தது. அவள் வாளியருகே உட்கார்ந்தாள். கட்டைவிரலில் பெயின்ட் அப்பியிருந்தது.

"உன் ரேகையா?" பல்லி கிசுகிசுத்தான்.

"உங்க பேர்ல வெச்சேன். யாராவது கேட்டா உங்களுதுதான்." விரலைத் துடைத்தபடி, "தினம் உங்க தோளுக்குத் தைலம் தேச்ச கைங்க இது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"உனக்கு... மேல பயமாவே இல்லையா?"

அவள் அண்ணாந்து உச்சியைப் பார்த்தாள். "இல்லீங்க. நல்லாருக்கு."

அவனுக்காக ஊருக்கெல்லாம் பொய் சொன்ன பாவி, இதற்கும் ஒரு பொய் சொல்லித் தொலைத்தால்தான் என்ன?