பெரியவர் ஊதிய தண்ணீர்

கலந்தருக்கு வெட்கம் அதிகம். கல்முனைக் கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருக்கிறவர், ஐம்பதை நெருங்குகிறவர், மகளைக் கட்டிக்கொடுத்தவர். ஆனால் ஒரு பாட்டுக் கேட்பதற்கு வாளிகள் அடுக்கிய பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். உள்ளே என்ன, கள்ளா குடிக்கிறீர்கள் என்று கேட்பேன். அதற்கும் வெட்கப்படுவார்.

நான் பாக்கியராசா, பெரியநீலாவணைக்காரன், ஏசி, ஃபிரிட்ஜ் திருத்துகிறவன். அவருடைய கடை ஏசியைத் திருத்தப் போன அன்று பின்னறையிலிருந்து சக்ஸபோன் கேட்டது. ஏணியில் நின்றபடியே, இதில் ட்ரம்ஸ் அடிக்கிறவன் சரியான விசரன், பைத்தியக்காரன் என்றேன். கலந்தரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கும் ஜாஸ் தெரியும் என்று விளங்கிய பிறகு மனிதர் என்னை வீட்டுக்குப் போகவே விடவில்லை. அவருக்கு அந்தப் பைத்தியம் தோஹாவில் பிடித்திருக்கிறது. பெயின்ட் அடிக்கப் போன ஹோட்டலில் பின்னேரங்களில் ஒரு குழு வாசித்ததாம். எனக்கு சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் திரும்பிப் போகும்போது விட்டுப்போன சீடிப் பெட்டியால் பிடித்தது.

அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் அல்பம் அனுப்புகிறோம். வட்ஸ்அப்பில் லிங்க் வரும். முழுதாகக் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது, கேட்ட பிறகு போனில் சண்டை. எனக்குப் பியானோ, அவருக்கு ஊதுகிறவர்கள். நான் அனுப்புவதெல்லாம் ஹோட்டல் லிஃப்டுக்குள் போடுகிற சாமான் என்பார். அவர் அனுப்புவதை நான் வீட்டில் போட்டால் என் மனைவி தங்கேஸ்வரி, மாடு கன்று போடுகிறதா என்று குசினியிலிருந்து கேட்பாள். யார் காதிலாவது விழுந்துவிடுமென்று கலந்தர் கலைஞர்களின் பெயரைச் சொல்வதே இல்லை. அவருக்கு உயிரான ஒரு சக்ஸபோன்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பெரியவர்'. அதுதான் வினையாகிப் போனது.

அவருக்குப் பயமெல்லாம் மச்சானை நினைத்துத்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். கலந்தர் இருப்பதும் மனைவி ஜெமீலாவின் வீட்டில். அடுத்த வளவில் ஜெமீலாவின் மூத்த சகோதரர் மீராமுகைதீன், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், இசை கூடாது என்பதில் உறுதியானவர். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் கடைக்குள் காலெடுத்து வைத்தால் கலந்தரின் கை தானாகப் போனை அணைத்துவிடும்.

ஒரு நாள் பகல் கலந்தர் கடைக்குள் நின்றபடி எனக்குப் போன் எடுத்தார். பெரியவரின் அல்பம் ஒன்றை அனுப்பியும் நான் இன்னும் கேட்கவில்லை என்று ஏச்சு.

"அண்ணன், பெரியவர் ஊதுறத ஒருக்கா மனம் வெச்சிக் கேளுங்க. அவர் ஊதினா நெஞ்சில இரிக்கிற பாரமெல்லாம் இறங்கிடும். நித்திரை இல்லாதவனுக்கும் நித்திரை வரும்."

கடை வாசலில் உம்மு நின்றிருக்கிறார். பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் பெண், கலந்தர் அக்கா முறையில் 'ராத்தா' என்று கூப்பிடுகிறவர். அவருடைய மகள் ஆதிலாவுக்குப் பிறந்த பிள்ளை தங்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு நித்திரையில்லை, ஒருவரோடும் கதையுமில்லை. அந்தத் தாயின் காதில் 'பெரியவர் ஊதினா' என்று விழுந்தால் வேறென்ன விளங்கும்? நோயாளிக்கு ஓதி ஊதிப் பார்க்கிற ஒரு பெரியவரைக் கலந்தர் பிடித்துவைத்திருக்கிறார் என்றுதான் விளங்கும்.

மகளை அவரிடம் கூட்டிப் போக வேண்டும், இடத்தைச் சொல் தம்பி என்று கேட்டிருக்கிறார் உம்மு. சக்ஸபோன் என்ற ஒரு சொல் போதும், காரியம் முடிந்திருக்கும். நம்முடைய ஆள் என்ன சொன்னார் தெரியுமா? பெரியவர் தூரத்தில் இருக்கிறார், ஆட்களைச் சந்திப்பதில்லை என்றார். ஒரு வகையில் பொய்யுமில்லை, அந்த மனிதர் அமெரிக்காவில் மௌத்தாகிப் புதைத்தே எவ்வளவோ காலம்.

அடுத்த நாள் உம்மு ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார். ஆளைக் கூட்டிப் போக முடியாவிட்டால் இதிலாவது ஊதி எடுத்துவரச் சொன்னார். கலந்தர் கை நீட்டி வாங்கிவிட்டார்.

போத்தல் தின்னர் டின்களுக்கு நடுவில் கிடந்தது. உம்மு ஒன்றும் கேட்கவில்லை, போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஒரு நாள் கலந்தர் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊதினாரா என்று கேட்டதற்கு, ஓம் என்று தலையாட்டியிருக்கிறார்.

இதைக் கலந்தர் எங்கள் வீட்டில் வைத்துச் சொன்னபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற தங்கேஸ்வரி சிரிக்கவில்லை. "ஒரு தாய் வயிறு எரிஞ்சு நிக்கிறா, நீங்க ரெண்டு பேரும் பாட்டுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு ஒரு காலையில் கலந்தரிடமிருந்து போன். உம்மு இரண்டாவது போத்தலோடு வந்திருக்கிறார். பெரியவரின் தண்ணீர் கொடுக்கிறபடியால் டொக்டர் வரச்சொன்ன கிளினிக்குக்கு மகளைக் கூட்டிப் போகவில்லையாம். இரவில் அவள் எழும்பிக் கிணற்றடியில் போய் நிற்கிறாளாம். இன்னும் கொஞ்சம் தண்ணீர் போனால் சரியாகிவிடும் என்றாராம்.

நான் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். கடைக்குப் போய் வாய்க்கு வந்தபடி ஏசினேன். வெட்கத்துக்கும் ஒரு அளவில்லையா, அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் எந்த முகத்தோடு பள்ளிவாசலுக்குப் போவீர்கள் என்று கேட்டேன். அவர் எழும்பித் தையல் கடைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

கலந்தர் உம்முவின் முன்னால் போய் நின்றார். போனை எடுத்து மேசையில் வைத்து அழுத்தினார். வெட்டிப் போட்ட துணிகளுக்கு நடுவில் சக்ஸபோன் ஊதத் தொடங்கியது. "இதுதான் ராத்தா பெரியவர்" என்றார் தலை நிமிராமல். "தண்ணியில ஒருத்தரும் ஊதல்ல."

உம்மு கத்தரிக்கோலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தானே போனை எட்டி அணைத்தார்.

"நீ பாட்டுக் கேட்டது உனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில தம்பி. நான் போத்தலத் தரக்குள்ள ஏன் வாங்கின? அவள் ஒவ்வொரு முடறுக்கும் பிஸ்மி சொல்லிக் குடிச்சாள்."

எனக்கே நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அன்றைக்கே கலந்தர் தன் வேனில் தாயையும் மகளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இப்போதும் கிளினிக் நாட்களில் அவர்தான் கூட்டிப் போகிறார். ஆதிலா மருந்து எடுக்கிறாள், கொஞ்சம் நித்திரை கொள்கிறாள். உம்மு வேனுக்குள் ஏறினால் போகிற நேரம், வருகிற நேரம் தவிர வேறு கதை கதைப்பதில்லை.

நான் அல்பம் அனுப்பிப் பார்த்தேன். கலந்தர் திறக்கவே இல்லை.

போன கிழமை மீராமுகைதீன் கடைக்கு வந்திருக்கிறார். வாடிக்கையாளர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு, கையிலிருந்த பையைத் திறந்து ஒரு போத்தல் தண்ணீரை மேசையில் வைத்தாராம். கொஞ்ச நாளாகத் தனக்கும் நித்திரை இல்லையென்று மெல்லச் சொன்னாராம். ஊருக்குள் பெரியவரைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். உம்மு யாரிடமும் கலந்தரைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

கலந்தர் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாராம்.

"மச்சான், அவர் ஓதி ஊதுறவர் இல்ல. சக்ஸபோன் ஊதுறவர். நான் பாட்டுக் கேக்கிறனான்."

மீராமுகைதீன் போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு சலாமும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த நிமிடம் எனக்குப் போன் வந்தது.

"அண்ணன், மச்சான் இனி என்னோட கதைக்க மாட்டார் போல. சரியான வெக்கமா இரிக்கி" என்றார் கலந்தர். "ஆனா நான் போத்தல வாங்கல்ல."